கமாலுதீன் பாய் கேட்ட தூரம்

காரைக்காலில் கடற்கரைச் சாலை தொடங்கும் இடத்தில் நான் ஹெல்மெட் கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் போலீசுக்குப் பயந்து வருகிறார்கள். மீதிப் பேர் ஃபோனில் எதையாவது பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கிறார்கள். கமாலுதீன் பாய் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர்.

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. கல்யாணமாகி நாலாம் மாதம் குவைத்துக்குப் போனவர், இருபத்தேழு வருடம் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவு. மனைவி அஜீசுன்னிசாவோடு அவர் ஒரே கூரையின் கீழ் இருந்த நாட்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டரை வருடம் தேறாது. மிச்சக் குடித்தனம் முழுவதும் ஃபோனில்தான் நடந்தது. மகள் ஷஃபீனாவுக்குப் பெயர் வைத்தது, பள்ளிக்கூடம் பார்த்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாமே ஃபோனில். மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்த பிறகு, எட்டு மாதம் முன்பு ஊரோடு வந்துவிட்டார்.

பைக்கில் போகும்போது முன்னாலும் பின்னாலும் இருப்பவர்கள் பேசிக்கொள்ளும் கருவி வேண்டும் என்று வந்து நின்றார். இன்டர்காம் என்றால் காரைக்காலில் லடாக் போகிற பையன்கள்தான் வாங்குவார்கள். நான் நாலு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"இது எவ்வளவு தூரம் புடிக்கும் தம்பி?"

"பாய், ஒரே வண்டியில நீங்க முன்னாடி, அவங்க பின்னாடி. ரெண்டு முழம் இருக்குமா? இதுக்குப் போயி தூரம் கேக்குறீங்களே!"

"இருந்தாலும் சொல்லுங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. பார்க்க வேண்டியது தூரம் இல்லை. முக்காட்டுக்கு மேல் ஹெல்மெட் போடுகிறவர்களுக்குத் தடித்த ஸ்பீக்கர் ஆகாது, அரை மணி நேரத்தில் காது வலி எடுத்துவிடும். முகம் மூடாத ஹெல்மெட் என்றால் வாய்க்கு நேராகக் குச்சி மைக் வேண்டும், அதன் மேல் காற்றுச் சத்தம் புகாமல் பஞ்சு வேண்டும். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, மறுபடியும் தூரத்தைக் கேட்டார். வாங்காமலே போய்விட்டார்.

இரண்டாம் நாள் வந்தபோது டீ சொன்னேன். டீ ஆறுவதற்குள், நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வீட்டில் பேச்சே இல்லை. சண்டையும் இல்லை. அவர் உட்கார்ந்தால் சோறு வருகிறது, எழுந்தால் செருப்பு வருகிறது. என்ன புள்ள என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று அந்த அம்மா உள்ளே போய்விடுகிறார். வியாழக்கிழமைதோறும் நாகூர் தர்காவுக்கு பைக்கில் போகிறார்கள். அந்த அம்மா பின்னாலிருந்து ஏதோ சொல்வார், காற்றில் போய்விடும். இவர் "என்னா?" என்று கத்துவார். அதற்கும் ஒண்ணுமில்லைதான்.

"போன மாசம் நாகப்பட்டினம் போயிருந்தேன் தம்பி. அங்கேருந்து ஃபோன் போட்டேன். நாப்பது நிமிஷம் பேசினா. சிரிச்சா. வூட்டுக்கு வந்தேன், தண்ணிய வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா."

குவைத்திலிருந்து பழைய கம்பெனி கூப்பிடுகிறதாம். டிரைவர்களை மேய்க்கிற வேலை, இரண்டு வருடம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக அவர் போக வேண்டியதில்லை. ஆனால் அங்கே போனால் பெண்டாட்டி பேசுவாள் என்று நினைக்கிறார். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு மனிதர் இதற்காக விமானம் ஏறுவாரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

பெட்டிகளை மறுபடி விரித்தேன். பேச்சுச் சத்தம் கேட்டால் மட்டும் திறந்துகொள்ளும் வகை ஒன்று உண்டு. பேட்டரி நிற்கும், ஆனால் முதல் சொல்லை விழுங்கிவிடும்.

"அது வேணாம். அவ சலாம் சொல்லித்தான் ஆரம்பிப்பா. அது போயிடும்ல?"

இரண்டு பக்கமும் எப்போதும் திறந்தே இருக்கிற செட்டை எடுத்தேன். ஸ்பீக்கர் மெல்லியது. பெட்டியில் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருந்தது, நேரான சாலையில் அதில் முக்கால்வாசி கிடைக்கும். அதைக் கேட்டதும்தான் அவர் முகம் தெளிந்தது. "வூட்ல இருக்கவங்களக் கூட்டிக்கிட்டு வாங்க, மாட்டிப் பாத்துடுவோம்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இருவரும் வந்தார்கள். மாட்டிக் கொடுத்தேன். சாலை இரைச்சலுக்காகச் சத்தத்தை முழுதாக வைத்தேன். ஒரு சுற்று போய்விட்டு வந்தார்கள்.

"எப்படிங்கம்மா கேக்குது?"

"நல்லாத்தான் கேக்குது" என்றார் அந்த அம்மா. பாய் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். போக வர மூன்று 'ம்' மட்டும் வந்ததாம். எனக்கே சப்பென்று ஆகிவிட்டது.

"தூரம் பாக்கணும் தம்பி. அவ இங்க இருக்கட்டும். நான் கடல் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

மனிதர் விடமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தேன். அந்த அம்மா ஹெல்மெட்டும் முக்காடுமாகக் கடை ஸ்டூலில், தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று குறுகி உட்கார்ந்திருந்தார். பைக் அரசலாற்றை ஒட்டிக் கிழக்கே போனது. இருநூறு மீட்டர் வரை பேச்சில்லை. வண்டி புள்ளியாகிக் கண்ணில் படாமல் போயிற்று. அப்போதுதான் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பாயின் பதில் சலாம் எனக்கே சன்னமாகக் கேட்டது.

"நல்லா இருக்கீங்களா? சாப்டீங்களா?"

மதியம் சோறு போட்டதே அந்த அம்மாதான். அங்கேயிருந்து, சாப்பிட்டேன், நீ சாப்டியா என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மடை திறந்துவிட்டது. ஷஃபீனா பிள்ளைக்குச் சளி, தண்ணி மோட்டார் சத்தம் போடுகிறது, சின்னம்மா வீட்டில் மனஸ்தாபம். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தெருவில் போகிறவர்களை மறந்துவிட்டார்.

"நேத்து மீன் ஆணத்துல உப்பக் கொட்டிட்டேன். வாயத் தொறக்காம தின்னுட்டுப் போறீங்க. ஒரு வார்த்த திட்டினா என்னவாம்? உங்க மொகத்தப் பாத்தா எனக்கு என்னா பேசறதுன்னே தெரியலங்க. வேற யாரோ விருந்தாளி வந்து உக்காந்திருக்கற மாரி இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் புள்ள இருக்கு" என்றது சன்னக் குரல்.

நான் அலமாரியைத் துடைக்கிற சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். கேட்கக் கூடாதுதான், ஆனால் கேட்டேன்.

பிறகு அந்த அம்மா, ஃபோனை வைக்கப் போகிறவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இருபத்தேழு வருடமும் கடைசியில் கேட்ட கேள்வி, பழக்கதோஷத்தில் தானாக வந்துவிட்டது.

"எப்ப வர்றீங்க?"

கேட்டதும் ஹெல்மெட் கண்ணாடிக்கு மேலேயே வாயைப் பொத்திக்கொண்டார். இன்ஷா அல்லாஹ் வர்ற வருஷம், லீவு கிடைக்கட்டும், முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கட்டும் என்று எத்தனையோ பதில் வாங்கிய கேள்வி அது. இந்த முறை பதில் வேறாக வந்தது.

"அஞ்சே நிமிஷம் புள்ள. வண்டியத் திருப்பிட்டேன்."

அந்த அம்மா ஹெல்மெட்டோடு அழுதார். கண்ணாடியைத் தூக்கித் துடைத்துக்கொள்ளத் தெரியாமல், முக்காட்டு நுனியைக் கீழ்வழியாக உள்ளே விட்டுத் துடைத்தார். கடைக்காரன் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள முடியுமா? வாரண்டி அட்டையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

பாய் வந்து இறங்கியதும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. அவர் நேராக என்னிடம் வந்தார்.

"வாரண்டி எத்தன வருஷம் தம்பி?"

"ரெண்டு வருஷம் பாய். நீங்கதான் இருக்க மாட்டீங்களே."

"எழுதுங்க" என்று ஊர் ஃபோன் நம்பரைச் சொன்னார். "கெட்டுப்போனா நானே கொண்டாந்து தர்றேன்."