நான் அனுப்பிய ஒன்பதாவது கடிதம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம். என் மகளுக்கு எட்டு மாதம். அனுப்பியவர் பெயரில்லாமல் ஒரு கடிதம் வந்தது. ஓர் ஏழைத் தாயின் பிள்ளையை அம்மன் காப்பாற்றிய கதையைக் கண்ணீர் வரும்படி எழுதி, இதைப் பார்த்து ஒன்பது பேருக்கு எழுதி அனுப்பாத வீட்டில் குழந்தை தங்காது என்று முடித்திருந்தார்கள்.

தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள் நான். கிழித்துப் போட்டிருக்க வேண்டும். என் கணவரும் அதைத்தான் சொன்னார். அன்று சாயங்காலம் மகளுக்கு உடம்பு சுட்டது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று எனக்கே தெரியும். தெரிந்தும், மறுநாள் அவர் வேலைக்குப் போனபின் உட்கார்ந்து எழுதினேன். ஒவ்வொன்றின் நான்கு முனையிலும் மஞ்சள் தடவினேன். வெறும் மிரட்டலாக அனுப்ப மனம் வரவில்லை.

எட்டுப் பேர் கிடைத்தார்கள். ஒன்பதாவதாக, மலாக்காவில் நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் எங்களுக்கு நான்கு வீடு தள்ளியிருந்த செட்டி வீட்டு அக்காவின் விலாசத்தை ஆங்கில எழுத்தில் எழுதினேன். பல தலைமுறைக்கு முன்பே இங்கு வந்து தங்கிவிட்ட மலாக்காச் செட்டிகள் அம்மனைக் கும்பிடுவார்கள், பேசுவது மலாய். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படிக்க முடியாதவளை அந்தச் சொல் தொடாது, எனக்கும் ஒன்பது ஆகிவிடும் என்று நினைத்தேன்.

நான்காம் நாள் அவளே அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். முன்பு இரண்டு முறை தங்கவில்லை. மஞ்சளைப் பார்த்து நல்ல சேதி என்று சாமி படத்தடியில் வைத்திருந்தாளாம். தன் பிரசவத்துக்காக யாரோ வேண்டிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று நம்பி, மலாயில் சொல்லச் சொன்னாள்.

பிள்ளை பிழைத்த இடம் வரை சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அங்கேயே நிறுத்தினேன்.

"கீழே இன்னும் எழுதியிருக்கே, அடிக்?" என்றாள். தங்கச்சி என்று அர்த்தம். என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

ஆசீர்வாதம் என்று பொய் சொன்னேன். பிள்ளை பிறக்கும் வரை தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கடிதத்தை மடித்தாள். அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, மிச்சத்தையும் சொன்னேன். எழுதியது நான் என்பதையும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. வயிற்றில் கை வைத்தபடி நின்றாள்.

"இத்தனை பேர் இருக்க எனக்கு ஏன்?"

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதேன்னுதான்..."

"தெரியாததாலதானே உன்கிட்ட கொண்டு வந்தேன்."

கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, ஆண் பிள்ளை, சுகமாக இருக்கிறது, வந்து பார் என்று எனக்கும் சொல்லியனுப்பினாள். உடம்பு சரியில்லை என்று போகாமலிருந்துவிட்டேன். மற்ற எட்டு வீடுகளில் எத்தனை பேருக்கு அப்போது கைக்குழந்தை இருந்தது என்று எனக்குத் தெரியும். அந்தக் கடிதத்தை அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.