குணா திருப்பித் தந்த கோடுகள்

புலாவ் செபாங்கில் மின்சார ரயில் நிற்கத் தொடங்கிய வருடம் அது. புது ஸ்டேஷனைப் பார்க்கவே ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். அந்த வருடம்தான் யூசுப் பாயின் பலசரக்கு மொத்தக் கடைக்கு, மெர்லிமாவிலிருந்து அவ்வளவு தூரம் மோட்டார் சைக்கிளில் குணசேகரன் வந்தார். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். கடையில் வேலை செய்த எங்களுக்கு அவர் குணா. போன வெள்ளிக்கிழமை காலை நான் டீக்கடையில் இருந்தபோது அவர் மனைவி மாலதி போன் செய்தார். "அண்ணே, அவரு போயிட்டாரு. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..." டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

குணா செய்த பெரிய வேலைகள் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது சின்ன வேலை.

கடைக் கணக்கெல்லாம் பின்னறையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றில் ஓடியது. கணக்கெழுதும் கிராணி லெட்சுமியின் மேசையில் ஒன்று, ஸ்டோரில் என்னிடம் ஒன்று என்று அந்தப் பெட்டியோடு இணைத்த பச்சை எழுத்துத் திரைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாகச் செத்தன, புதிது கிடைக்கவில்லை. குணா பழைய கம்ப்யூட்டர்களில் லினக்ஸ் போட்டு, அவற்றைப் பச்சைத் திரை மாதிரியே வேலை செய்ய வைக்கும் மென்பொருளைத் தேடினார். பாய் எங்களைக் கூப்பிட்டு, "புதுசுல வேலை பாக்க முடியாதவங்க லாரிக்குப் போங்கலா," என்றார். மூட்டை தூக்கி முதுகு போன பிறகுதான் நான் ஸ்டோருக்கு வந்திருந்தேன். மறுபடி லாரி என்றால் எனக்கு வேலை போய் வீட்டில் உட்கார வேண்டியதுதான். என்னால் படிக்க முடியாது என்பது அதுவரை கடையில் யாருக்கும் தெரியாது.

முதலில் போட்டதில், கணக்கைச் சேமிக்கும் பட்டனை அமுக்கினால் மென்பொருளின் சொந்த மெனு வந்து விழுந்தது. லெட்சுமி, "சேவ் பண்ணச் சொன்னா மெனு குடுக்குதே குணா, நாசி கண்டார் சோத்துக் கடையா இது?" என்றார். குணா சிரித்துக்கொண்டே அதை நீக்கினார்.

அடுத்ததில் பட்டன் சரி. ஆனால் திரையில் கட்டங்களைப் பிரிக்கும் கோடுகள் போய், அந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்து வரிசையாக நின்றது. குணா என் பக்கத்தில் வந்து, "அண்ணே, மூணாவது வரியில என்ன இருக்கு, படிங்க," என்றார்.

"கண்ணாடி கொண்டு வரல தம்பி."

கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். லெட்சுமியும் பார்த்தார். குணா குரலைத் தாழ்த்தி, "எதப் பாத்துண்ணே அடிப்பீங்க?" என்றார்.

"நம்பர் தெரியும். மத்ததுக்குக் கோடுதான். மேல் கட்டம் சரக்கு, நடுக் கட்டம் வந்தது, கீழ்க் கட்டம் மிச்சம்."

அப்போது பாய் உள்ளே வந்தார். "ஓடுதுல்ல?"

"கோடு வரல பாய்."

"கோடு எதுக்குலா? எழுத்து தெளிவாத்தானே இருக்கு. விடு."

"இப்படிக் குடுத்தா என் பேரு கெட்டுடும் பாய். கோடு வந்தாத்தான் குடுப்பேன்."

பாய் முணுமுணுத்துக்கொண்டே போனார். குணா என் பக்கம் திரும்பவே இல்லை.

இன்னும் இரண்டு மூன்றைப் போட்டுப் பார்த்த பிறகு ஒன்று அமைந்தது. அதில் எங்கள் பழைய திரையின் வகையைக் குறித்துக் கொடுத்தார். கோடுகள் அதனதன் இடத்தில் வந்து நின்றன. "அவ்வளவுதாண்ணே. நான்தான் அந்தப் பழைய திரைன்னு இது பெட்டிகிட்ட நடிக்கணும். வேலை நடந்தா நடிக்கிறதுல தப்பில்ல," என்றார். பல வருடம் கழித்துக் கடையையே மூடும்வரை நான் ஸ்டோரிலேயே வேலை பார்த்தேன். அதன்பின் எப்போது வந்தாலும் என் சட்டைப் பையைக் காட்டி, "கண்ணாடி இருக்காண்ணே?" என்று மட்டும் கேட்பார்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாலதி தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தார். "பதினாறாம் நாளு வர்றவங்களுக்குக் குடுக்கணும்ணே. அவரப் பத்தி ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க."

கை சட்டைப் பைக்குப் போயிற்று. கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதும்மா," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "இத்தனை வருஷத்துல அவரு ஒரு தடவகூட சொன்னதில்லையே."

பேனாவைத் தானே எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதியதுதான் இது. குணா எனக்கு வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு கேள்வி. சட்டை போடும்போதெல்லாம் காதில் விழுகிறது. லெட்சுமி முன்பே போய்ச் சேர்ந்தார், இப்போது குணா. அன்று அந்தக் கண்ணாடியைப் பற்றித் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது, அதைப் பையில் வைத்திருந்த நான், ஸ்டோர் கருப்பையா மட்டும்தான்.