ஆறரைப் பாகம் ஓஸ்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் செய்த டாக்டர், இனிமேல் கடலுக்குப் போகக் கூடாது, போனால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். டாக்டருக்கென்ன, சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். குருசுக்குப்பத்தில் பிறந்து, மீசை முளைக்கும் முன்னாலேயே படகேறிய மனுஷனை எட்டு மாதம் வீட்டில் உட்கார வைத்துப் பார்த்தவள் நான். சோற்றில் உப்பு பத்தவில்லை என்பார், ஃபேன் சத்தம் போடுகிறது என்பார். அப்புறம் அதுவும் சொல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். சண்டை போடுகிற ஆள்கூடக் குடும்பம் நடத்திவிடலாம், இதைத் தாங்க முடியாது.

நான் வேலை பார்ப்பது கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, நாலு ரூம் வாடகைக்கு விடுகிற ஒரு வீட்டில். சொந்தக்காரம்மா பிரான்சில் இருக்கிறார். நாங்கள் மதாம் என்போம். பின்பக்கம் ஒரு நீச்சல் குளம் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் திடீரென்று நின்றுவிட்டதும், "என் வூட்டுக்காரர் பாத்துக்குவாரு மதாம், தண்ணியிலயே வளந்தவரு" என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். மதாம் சரி என்றார்.

அந்தக் குளத்தைச் சுத்தம் செய்ய ஒரு மிஷின் இருக்கிறது. ஓஸ் பைப்பின் ஒரு முனையைக் குளத்துச் சுவரிலிருக்கும் உறிஞ்சு துளையில் செருகி, மறுமுனையை மிஷினில் மாட்டி, மோட்டாரைப் போட்டுவிட்டால், அது பாட்டுக்குத் தண்ணீருக்கடியில் ஊர்ந்து அழுக்கை இழுக்கும். என் வீட்டுக்காரர் அதற்கு ஆமை என்று பேர் வைத்தார். எட்டு மாதம் கழித்து அந்த ஆமையைப் பார்த்துத்தான் மனுஷன் சிரித்தார்.

ஆனால் ஓஸ் பழசு. வெயிலில் கிடந்து வெடித்து, வெடிப்பு வழியாகக் காற்றை இழுத்ததால் ஆமை நகரவே மாட்டேன் என்றது. புதுசு வாங்கலாம் என்று மதாம் சொன்னார். ஒவ்வொரு மீட்டராகத் துண்டு துண்டாக வரும், ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளலாம். முந்தைய ஆள் அவற்றை வெட்டி, டேப் சுற்றி, ஒட்டி நாசம் செய்து வைத்திருந்தார். பழசை எண்ணிப் புதுசு வாங்க வழியில்லை. துளையிலிருந்து குளத்தின் தூரத்து மூலை வரைக்கும் அளந்து, அதற்கு மேல் ஒரு துண்டு சேர்த்து வாங்கச் சொன்னார் பிள்ளைச்சாவடிப் பக்கம் இருக்கும் கடைக்காரர்.

"அளக்கிற டேப் எடுத்தாரட்டா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"டேப்பா? எனக்கா?" என்றார்.

கடலில் கயிற்றை அளப்பது பாகத்தில்தான். இரண்டு கையையும் அகல விரித்தால், இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம். இவருடைய பாகம் சுத்தமாக ஆறடி. படகில் இவர் அளந்த கயிற்றை இன்னொருத்தர் திருப்பி அளந்ததே கிடையாது. நைலான் கயிற்றைத் துளையிலிருந்து மூலை வரை இழுத்துப் பிடித்து, கையை விரித்து விரித்து அளந்தார். ஆறரைப் பாகம். முப்பத்தொன்பது அடி. மீட்டர் கணக்கில் பன்னிரண்டு துண்டு, மேலே ஒன்று, ஆகப் பதின்மூன்று.

பதின்மூன்றையும் மாட்டினோம். ஆமை செக்குமாடு மாதிரி படிக்கட்டுப் பக்கமே சுற்றியது. நடுவில் ஓஸ் வளையம் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பி விட்டது. தூரத்து மூலைக்கு அது போகவே இல்லை. பாதாம் இலை அங்கே ஊறி, நாலே நாளில் பச்சைப் பாசி. கடையில் வளைத்துக் கட்டி வைத்த வளைவு போகவில்லை என்று, அவர் எல்லாத் துண்டையும் மாடியில் நீட்டிப் படுக்க வைத்து வெயில் காட்டினார். ஒன்றும் மாறவில்லை. ஓஸ் மட்டம் என்றார், கடைக்காரனைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அந்த வாரம் மதாம் வீடியோவில் கூப்பிட்டார். பாசியைப் பார்த்துவிட்டார். "சனிக்கிழமை நான் வர்றேன். சரியா வரலேன்னா கம்பெனி ஆளுங்ககிட்ட விட்டுடலாம், உங்களுக்கும் கஷ்டம் இல்ல" என்றார். நல்லவிதமாகத்தான் சொன்னார். அன்றைக்குச் சாயங்காலமே இவர் தம்பி போன் செய்திருந்தான். மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது, திங்கட்கிழமை விசைப்படகு கிளம்புகிறது, ஒரு ஆள் குறைகிறது. "ஞாயித்துக்கெழம சொல்றேன்டா" என்று இவர் பதில் சொன்னதை, துவைத்த பெட்ஷீட்டைப் பிழிந்துகொண்டே கேட்டேன். இந்த வேலை போனால் இவர் படகேறிவிடுவார். படகேறினால் திரும்பி வருவது எந்த நிலையிலோ.

மறுநாள் காலையில் அவர் தேநீர் குடிக்கப் போயிருந்தபோது, கதவு அளக்கிற இரும்பு டேப்பை எடுத்து நானே அளந்தேன். முப்பத்திரண்டரை அடி. மறுபடி அளந்தேன். அதேதான். பத்துத் துண்டு, மேலே ஒன்று, பதினொன்று போதும். இரண்டு துண்டு மிச்சம், அதுதான் வளையம் போட்டு ஆமையைத் திருப்புகிறது. அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொல்லுவாங்க. நீ அளந்த லட்சணத்தப் பாருய்யா!"

"உன் டேப்பு தப்பு."

"இரும்பு டேப்பு பொய் சொல்லுதாமாம்! எங்க, என் எதிர்ல ஒரு பாகம் புடி பாப்போம்."

கோபமாகக் கயிற்றை எடுத்தார். கையை விரித்துப் பிடித்தார். நான் டேப்பை வைத்தேன்.

ஐந்தடி.

"சரியா வைடி" என்றார். சரியாகத்தான் வைத்திருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் விரித்தார். கழுத்து நரம்பு புடைத்தது, சட்டைப் பொத்தானுக்கு மேலே தையல் தழும்பு வெளுத்து இழுத்தது, உதடு கோணிக்கொண்டது. ஐந்தடி ஒரு விரல். அதற்கு மேல் அந்த நெஞ்சு விரியவில்லை.

"போதும்யா. வுட்டுடு" என்றேன். வாயெல்லாம் பேசி ஜெயித்தவளுக்கு, அந்த டேப்பைக் குளத்துக்குள்ளேயே வீசிவிடலாமா என்று இருந்தது. நான் ஏன் இதை அளந்தேன்?

அவர் இரண்டு கையையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குளத்தோரம் உட்கார்ந்து, நடுவிலிருந்து இரண்டு துண்டைக் கழற்றி, தண்ணீரை வடித்து, சுவரோரம் நீட்டி வைத்தார். மோட்டாரைப் போட்டார். ஆமை படிக்கட்டைத் தாண்டி, நடுவைத் தாண்டி, நேராகப் போய் மூலையில் முட்டித் திரும்பியது.

வெள்ளிக்கிழமைக்குள் பாசி போய்விட்டது. சனிக்கிழமை மதாம் வந்து மூலையை எட்டிப் பார்த்தார், "போன், போன்" என்று, அதாவது பிரெஞ்சில் நல்லது நல்லது என்று, தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். கம்பெனிப் பேச்சே எடுக்கவில்லை. எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, அவரே தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், நாளைக்கு எனக்கு எடம் வெக்காத. என் பாகம் அஞ்சடிதான் வருது."

அந்தப் பக்கம் இருந்தவனும் கயிறு அளக்கிறவன்தான். ஏன் என்று அவன் கேட்கவில்லை.