அடித்தல் திருத்தல்

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருகிறவர்கள் எங்கள் வீட்டில் அதிக நேரம் உட்கார மாட்டார்கள். தட்டில் வைத்து நீட்டுவார்கள், நான் உறையைப் பிரிப்பதற்குள் எழுந்துவிடுவார்கள். ரிஷிவந்தியத்தில் இருக்கும் என் நாத்தனார் தன் மகனுக்குப் பத்திரிகை வைக்க வந்தபோது வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள்.

"அண்ணி, இத படிக்காதீங்க. தேதிய மட்டும் பாத்துக்கினு வந்து சேருங்க."

படித்தேன். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஏழு பிழை கண்டுபிடித்து, ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பியும் விட்டேன். அச்சாகி முடிந்த பத்திரிகையில் பிழை காட்டி ஆகப்போவது ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கை சும்மா இருக்காது.

ஒரு துக்க வீட்டில் இன்னும் மோசமாக நடந்துகொண்டேன். வாசலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அஞ்சலி என்ற சொல்லே தப்பாக இருந்தது. போனவர் நல்ல மனிதர், எனக்கு ரொம்ப வேண்டியவர். அழுதுகொண்டேதான் கைப்பையில் பேனாவைத் தேடினேன். இதே நாத்தனார்தான் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் கள்ளக்குறிச்சியில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருடமாக டைப் அடிக்கிறேன். எங்கள் தொழிலில் பிழை என்பது சிரித்துவிட்டுப் போகிற விஷயம் இல்லை. வடக்கு என்று இருக்க வேண்டிய இடத்தில் தெற்கு என்று விழுந்துவிட்டால், ஒரு விவசாயி தன் சொந்த நிலத்துக்காகப் பிழைதிருத்தல் பத்திரம் போட நடையாய் நடக்க வேண்டும். அப்படி நடந்து செருப்புத் தேய்ந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பத்திரத்தில் ஏதாவது ஒரு சொல்லை அடித்தாலோ திருத்தினாலோ, எந்தப் பக்கத்தில் எத்தனை என்று கடைசியில் எழுதி, எழுதிக்கொடுப்பவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் 'அடித்தல் திருத்தல் கிடையாது' என்று எழுதி முடிப்போம். இதை நான் வீட்டிலும் சொல்லிச் சொல்லி, குழம்பில் உப்பு சரியாக இருக்கிற நாட்களில் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு, "அடித்தல் திருத்தல் கிடையாது" என்பார்.

அவர் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறார். மலைக்குப் போனால் மரவள்ளி, புளி, கடுக்காய் ஏற்றிக்கொண்டு வருவார். மலை வேலை இல்லாத நாட்களில் உளுந்தூர்பேட்டை, நைனார்பாளையம் என்று எங்கே லோடு கிடைக்கிறதோ அங்கே. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். என்னைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்துவிடுவார். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறிவிட்டால் பாதி வளைவுகளில் போனுக்கு சிக்னல் கிடைக்காது. அதனால் கல்யாணமான புதிதிலேயே ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் முதல் நாள் தாளைக் கிழிப்பார். அதன் பின்பக்கம் அன்றைக்கு எங்கே போகிறார், எத்தனை மணிக்கு வருவார் என்று எழுதி, சோற்றுக் குண்டானுக்கு அடியில் செருகிவிட்டுப் போவார்.

அந்த எழுத்தை என்னவென்று சொல்வது. பெரிய றவும் சின்ன ரவும் அவருக்கு ஒன்றுதான். மூன்று லகரமும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், எதைக் கூப்பிட்டாலும் எது வேண்டுமானாலும் வரும். புள்ளி வைப்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. மலையில் இருக்கும் கரியாலூருக்குப் போவதாக எழுதிய முதல் சீட்டே 'கறியாலூர் போரன்' என்று இருந்தது. நான் வட்டம் போட்டு, 'கறி எடுத்துவரப் போகிறீர்களா?' என்று பக்கத்தில் எழுதி, அதே குண்டானுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் அதைப் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. சிரித்த கையோடு கடைக்குப் போய் அரைக்கிலோ கறியும் வாங்கி வந்தார்.

அதிலிருந்து அது எங்கள் விளையாட்டு. அவர் எழுதுவார், நான் வட்டம் போடுவேன், சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே எண்ணுவார். "இன்னிக்கு நாலுதான், கம்மி" என்பார். "ஒம்போதா, ஜாஸ்தியா கீதே" என்பார். மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி ஒரு பெருமை வேறு. சீட்டுகளையெல்லாம் ஒரு மஞ்சப்பையில் போட்டு பீரோவின் மேல் வைத்திருந்தேன். ஏன் வைத்திருக்கிறேன் என்று அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்னால், பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புது வண்டி எடுத்தார். பின்பலகையில் எழுத என்ன வாசகம் என்று பெயிண்டர் கேட்டிருக்கிறார். சாமி பெயர், பிள்ளை பெயர் என்று எல்லோரும் எழுதுவது வேண்டாம் என்று, இவரே ஒரு காலண்டர் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. பூசை அன்று கோயில் வாசலில் வண்டி நிற்கிறது, ஸ்டாண்டு டிரைவர்கள் பத்துப் பேர், என் பிறந்த வீட்டார், நாத்தனார் குடும்பம், எல்லோரும் நிற்கிறார்கள். எலுமிச்சம்பழம் வைக்கப் பின்பக்கம் போனேன். மஞ்சள் பெயிண்டில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'வந்துகினே கீறன்.'

தினமும் போனில் நான் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவர் சொல்லும் பதில் அது. எனக்காக எழுதியது. இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது எழுத்து மட்டும்தான். பத்திர ஆபீசில் வேலை பார்ப்பவளின் வீட்டு வண்டி இப்படி ஊரெல்லாம் சுற்றுவதா என்று மானம் போன மாதிரி ஆகிவிட்டது. பெயிண்டரும் பூசைக்கு வந்திருந்தார். அவரை அங்கேயே கூப்பிட்டு, அத்தனை பேர் முன்னால், அழித்துவிட்டுச் சரியாக எழுதச் சொன்னேன். என் வீட்டுக்காரர் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நின்றார்.

வண்டி 'வந்துகொண்டே இருக்கிறேன்' என்று ஓட ஆரம்பித்தது. செய்தி வாசிக்கிற தமிழ் என்று ஸ்டாண்டில் அவரை 'நியூஸ்காரரே' என்று கூப்பிட்டார்கள். "இன்னா நியூஸ்காரரே, வந்துகொண்டே இருக்கிறீரா?" என்று நான் பஸ் ஏறப் போகும்போதுகூட ஒருவர் கேட்டது என் காதில் விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டார்.

பூசைக்கு மறுநாளிலிருந்து குண்டானுக்கு அடியில் சீட்டு இல்லை.

நான் ஒரு வாரம் கவனிக்காத மாதிரி இருந்தேன். பிறகு, தாள் கிழிக்காமல் அப்படியே நிற்கிற காலண்டரை நானே கிழிக்க ஆரம்பித்தேன். சண்டை இல்லை, முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. டீ குடித்தார், மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தால் என்னைவிட அதிகம் பேசினார். குழம்புக்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. கேட்டால், "நல்லா கீது" என்பார். கேட்டுவிடலாம்தான். கேட்டால் தப்பு என் மேல் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகுமே. அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பிறத்தியார் தப்பை வட்டம் போடுகிற கைக்குச் சொந்தத் தப்பு அவ்வளவு சீக்கிரம் கண்ணில் படாது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

போன ஐப்பசியில் ஒரு நாள் விடியும்போதே மழை. பதினோரு மணிக்கு ஆபீசுக்கு வந்த ஒருவர், வெள்ளிமலைப் பாதையில் மண் சரிந்து மரங்கள் விழுந்திருக்கின்றன, வண்டி ஒன்று மாட்டிக்கொண்டதாகவும் சொல்கிறார்கள் என்றார். போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது. எங்கள் பத்திர எழுத்தர் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"வூட்டுக்காரரு இன்னிக்கு எந்தப் பக்கம்மா போயிருக்காரு?"

எனக்குத் தெரியவில்லை. மலைக்கா, உளுந்தூர்பேட்டைக்கா, நைனார்பாளையத்துக்கா, தெரியவில்லை. பதினாறு வருடம் தினமும் எனக்குத் தெரிந்திருந்த ஒன்று அன்றைக்குத் தெரியவில்லை. ஊரில் இருக்கிற நிலத்துக்கெல்லாம் நாலு எல்லையும் எழுதுகிறவள், என் புருஷன் எந்தத் திசையில் இருக்கிறார் என்று சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஐயாவே, வீட்டுக்குப் போம்மா என்றார்.

வீட்டுக்கு வந்து குண்டானைத் தூக்கிப் பார்த்தேன். இருக்காது என்று தெரிந்தேதான் பார்த்தேன். சும்மா உட்கார முடியாமல் மஞ்சப்பையை இறக்கினேன். ஒவ்வொரு சீட்டாக எடுத்துப் படித்தேன். எழுத்தை இல்லை, எழுதியிருந்ததை. அதுதான் முதல் தடவை.

ஒரு சீட்டில், இடது கால் இரண்டு நாளாக வீங்கியிருக்கிறது, சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று எழுதியிருந்தார். நான் ஆறு வட்டம் போட்டிருந்தேன். போனோமா? எனக்கு ஞாபகமே இல்லை. இன்னொன்றில், நேற்று நீ அழுதாயே, எதற்கு என்று கேட்டிருந்தார். மூன்று வட்டம். மலையில் சாமைக் கதிர் நன்றாக வந்திருக்கிறது, ஒரு நாள் நீயும் வா, பார்த்துவிட்டு வரலாம் என்று ஒன்று. ஐந்து வட்டம். நான் அந்த மலைக்குப் போனதே இல்லை. எந்தச் சீட்டிலும் நான் ஒரு பதில்கூட எழுதியிருக்கவில்லை. விளையாட்டு, கேலி, வட்டம். அவ்வளவுதான். அழுகையை அடக்கிக்கொள்ளவில்லை. வீட்டில் யாரும் இல்லை.

அவர் நாலரை மணிக்கு வந்தார். நாள் முழுக்க நைனார்பாளையத்தில் மக்காச்சோள மூட்டை ஏற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். மலைப்பக்கமே போகவில்லை. போன் மழையில் நனைந்து செத்துவிட்டதாம். நான் வாசலிலேயே கத்திவிட்டேன்.

"எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனா இன்னாங்க?"

"எழுதனா தப்பாப் பூடுது. சொல்லலாம்னா நீ தூங்கிக்கினு கீற" என்றார், துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

நேரில் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. எனக்குத் தெரிந்தது பத்திரம்தான். மறுநாள் ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளில் விடுதலைப் பத்திரம் ஒன்று அடித்தேன். அண்ணன் தம்பிக்குள் ஒருவர் தன் பங்குரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும்போது எழுதுவது அது.

'என் கணவராகிய தங்களுக்கு, தங்கள் மனைவியாகிய நான் மனப்பூர்வமாக எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்னவென்றால், தங்கள் எழுத்துகளில் வட்டம் போட்டு இதுநாள்வரை நான் அனுபவித்து வந்த திருத்தும் உரிமையை, யாருடைய தூண்டுதலும் இன்றி, நல்ல நினைவுடன் இன்று விடுதலை செய்கிறேன். வண்டியின் பின்பலகையில் தாங்கள் முதலில் எழுதிய வாசகத்தை அழிக்கச் சொன்னது என் தவறு. அதையே மீண்டும் எழுதிக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இனி மேற்படி எழுத்துகளில் எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது. இதில் அடித்தல் திருத்தல் கிடையாது.'

கையெழுத்துப் போட்டு, படுக்கப் போகும் முன் குண்டானுக்கு அடியில் வைத்தேன்.

காலையில் எழுந்ததும் நேராக அடுப்படிக்குத்தான் போனேன். காலண்டரில் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. பத்திரம் வைத்த இடத்திலேயே இருந்தது. 'எனக்கு யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது' என்ற வரியை என்னுடைய சிவப்புப் பேனாவால் குறுக்கே அடித்திருந்தார். கடைசியில் நான் எழுதியிருந்த 'கிடையாது'வையும் அடித்துவிட்டு, அதன் கீழே எங்கள் வழக்கப்படியே எழுதியிருந்தார்: 'அடிதல் 2. பாத்தியம் உனக்கே இருக்கட்டும்.' அதற்குக் கீழே கையெழுத்து. பதினெட்டு வருடத்தில் எத்தனையோ பத்திரம் பார்த்துவிட்டேன், விட்டுக்கொடுத்த உரிமையை வாங்கமாட்டேன் என்று திருப்பிக் கொடுத்த ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை.

அதோடு ஒரு காலண்டர் தாளும் இருந்தது. 'வெல்லிமல போரன். மழ இல்ல. 5 மனிக்கு வந்துருவன்.'

சிவப்புப் பேனாவை எடுத்தேன். பாத்தியம் கொடுத்திருக்கிறாரே, ஒரே ஒரு வட்டம் போட்டேன். பிறகு, அந்தத் தாளில் மிச்சமிருந்த இடத்தில் பதில் எழுதினேன். 'இடது கால் இப்போது எப்படி இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை என்னையும் மலைக்குக் கூட்டிப் போங்கள்.'