கம்பளிக் கடை ஜுனைதீன் வீடு கொடுத்த கதை

பதுளைக் கடைவீதியில் கம்பளிக் கடை ஜுனைதீன் என்றால் தெரியாதவர் கிடையாது. தெமோதரையிலிருந்தும் மடுல்சீமையிலிருந்தும் சம்பளத்துக்கு மறுநாள் இறங்கி வரும் தோட்டத்துச் சனம் முதலில் அவருடைய கடைப் படியைத்தான் மிதிக்கும். இருபது வயதில் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கியவர். நாற்பது வயதில் சொந்தக் கடை, ஐம்பதில் கடைக்குப் பின்னால் மேட்டில் ஐந்து அறை வைத்த கல்வீடு. எல்லாம் தன் கையால் வந்தது என்று அவர் சொல்வார். அது பெருமைதான், ஆனால் முழுப் பொய் இல்லை.

அவரிடம் ஒரேயொரு கோளாறு. கைக்கு வந்த எதையும் கையை விட்டுப் போக விடமாட்டார். இடுப்பில் அகலமான தோல் பெல்ட், அதில் சாவிக்கொத்து. குளிக்கப் போனாலும் சாவி கூடவே போகும். மனைவி லரீபா சீனி டப்பாவைத் தவிர வேறெதையும் அவரைக் கேளாமல் திறந்ததில்லை.

1974இல், அறுபத்து நாலு வயதில், கடையை மகன்மார் ஹுமைத்துக்கும் ஸரூக்கிற்கும் ஒப்படைத்துவிட்டு ஓய்வாக உட்காருவது என்று முடிவெடுத்தார். உட்கார்ந்தாரா என்றால் இல்லை. காலையில் கடைக்குப் போய் இருவரையும் திட்டிவிட்டு வருவார். ஆனால் வீட்டு விஷயத்தில் மட்டும் சொன்னதைச் செய்தார். கல்வீட்டை ஒரே மகள் றஷீனாவின் பெயருக்கு நன்கொடை உறுதிப் பத்திரம் எழுதினார். தான் மவுத்தான பிறகு பிள்ளைகள் நீதிமன்றத்துக்கும் மரண வரிக் கந்தோருக்கும் அலையக்கூடாது, மகள் எவர் முகத்தையும் பார்த்து நிற்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். நல்ல எண்ணம். பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். பிறகு உறுதியைக் கொண்டுபோய்த் தன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

இந்தப் பெட்டிப் பழக்கம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதல்ல. மகளுக்கு எழுதும் தகப்பன்மார் பாதிப்பேர் இப்படித்தான். எழுதுவார்கள், கொடுக்க மாட்டார்கள். மருமகன் அடகு வைத்துவிடுவான் என்று பயம். மகள் கவனிக்காமல் விட்டுவிடுவாள் என்று பயம்.

உறுதியை எழுதிய நொத்தாரிசின் கந்தோரில் கனகசபை என்றொரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் இருந்தார். அவர் அன்றைக்கே சொன்னார்.

"முதலாளி, எழுதினாப் போதாது. உங்கட முஸ்லிம் சட்டத்திலை குடுத்த பொருள் கைமாற வேணும். உறுதி பிள்ளையின்ட கைக்குப் போனால் அதுவே சாட்சி. உங்கட பெட்டிக்குள்ள கிடந்தால், நாளைக்கு ஆரும் வந்து 'அவர் எழுதினவர், குடுக்கேல்லை' எண்டு சொல்லலாம்."

ஜுனைதீனுக்கு முகம் சுண்டிப் போனது. கிளாக்கருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரியும். அவருடைய வாப்பா, ஜுனைதீனின் தங்கை உம்மு குல்தூமுக்கு இப்படித்தான் ஒரு வீட்டை எழுதிப் பெட்டியில் வைத்திருந்தார். வாப்பா மவுத்தானதும் பெட்டியைத் திறந்தார்கள். உறுதி இருந்தது. "வாப்பாட பெட்டியில ஈந்தா அது வாப்பாட சொத்து" என்று அண்ணன்மாரில் மூத்த நானா சொல்ல, வீடு விற்கப்பட்டுப் பங்கானது. அன்றைக்கு ஜுனைதீன் வாயே திறக்கவில்லை. தன் பங்கை வாங்கிக்கொண்டார், கடையும் வைத்தார். விதவையான உம்மு குல்தூம் பண்டாரவளையில் ஒரு கடையின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, சட்டை தைத்துப் பிழைத்தாள். எல்லாம் தன் கையால் வந்தது என்று சொல்லும்போது இந்த ஒன்றை மட்டும் அவர் விட்டுவிடுவார்.

தெரிந்தும் இரண்டு வருஷம் உறுதி பெட்டியிலேயே கிடந்தது. மனிதன் அப்படித்தான்.

1976இல் நகரசபையிலிருந்து வீட்டுக்குச் ஆதன வரியான சோலைவரித் துண்டு வந்தது. லரீபா அதை அவர் முன்னால் வைத்தாள்.

"வீட்ட மகளுக்குக் கொடுத்துட்டேன்னு ஊரெல்லாம் செல்றீங்க. வரித் துண்டு ஒங்கட பேர்ல வருது. நாளைக்கு ஒங்கட மகன்மார் எதக் காட்டிப் பேசுவாங்க? இதத்தானே?"

"என்ட மகன்மார் அப்படிப்பட்டவங்களா?"

"நீங்க எப்படிப்பட்டவர்? ஒங்கட தங்கச்சிக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவள் அதைக் கேட்டது அன்றைக்குத்தான். அவர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தார்.

மறுநாள் மகளையும் கூட்டிக்கொண்டு நகரசபைக் கந்தோருக்குப் போனார். றஷீனாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள்; கணவனோடு அதே கல்வீட்டில்தான் இருந்தாள். வாப்பாவுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி ஒருநாளும் அறியாதவள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் பெயர் மாற்றும் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவளிடம் கேட்டார்.

"வீட்டுச் சொந்தக்காரர் நீங்கதானே? உறுதி உங்க கையிலதானா இருக்கு?"

றஷீனா வாப்பாவைப் பார்த்தாள். ஜுனைதீன் உறுதியை நீட்டினார். நீட்டினாரே தவிர ஒரு மூலையை விடவில்லை. மகள் மெல்ல இழுத்தாள். அவர் பிடித்திருந்தார். வரிசையில் நின்றவர்கள் பார்க்கத் தொடங்கியதும்தான் விரலைத் தளர்த்தினார்.

"இப்ப என்ட கையிலதான் ஈக்கு" என்றாள் றஷீனா.

வேலை முடிந்து தெருவுக்கு வந்தார்கள். ஜுனைதீன் வழக்கம்போலக் கையை நீட்டினார்.

"கொண்டா மகள். பெட்டியில வெப்பம்."

அவள் உறுதியை மடித்து, கைப்பைக்குள் வைத்து, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.  பிறகு சொன்னாள்.

"வேணாம் வாப்பா. இது என்ட வீட்டு உறுதி. என்ட அலுமாரியிலேயே ஈக்கட்டும்."

நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, பெற்ற மகள் இல்லை என்று சொல்லிவிட்டாள்! அவருக்குக் காதுமடல் சூடானது. விறுவிறுவென்று கடைவரைக்கும் நடந்தார். கடையில் மகன்மார் இருவரும் நின்றிருந்தார்கள். மடுல்சீமையிலிருந்து வந்த பழைய வாடிக்கைக்காரி இராக்கம்மா கம்பளி பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுனைதீன் ஸ்டூலில் உட்கார்ந்தார்.  பிறகு அவருக்கே தெரியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"டேய், கேட்டீங்களா! உறுதியத் திருப்பித் தாடின்னேன். எனக்கே தரமாட்டேன்னுட்டாள்! இந்த ஜுனைதீனுக்கு!"

"அப்ப கெட்டிக்காரப் புள்ளைங்க, மொதலாளி" என்றாள் இராக்கம்மா.

"பின்ன? யாருட மகள்!" அவர் மகன்மார் பக்கம் திரும்பினார். "இனி அந்த வீட்டப் பத்தி யாருக்குப் பேசணும்னாலும் றஷீனாட்டப் பேசுங்க. என்ட வாயால ஒரு சொல்லும் வராது." ஹுமைத் தலையைக் குனிந்துகொண்டு துணியை மடித்தான். அவன் மனதில் ஏதாவது கணக்கு இருந்திருந்தால், அது அன்றோடு முடிந்தது.

அந்த வாரம் முழுவதும் வந்தவர் போனவர் எல்லாருக்கும் இதே கதைதான். ஒவ்வொரு தடவையும் மகளின் குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தபோது, வாசலில் ஒரு தகரப் பெட்டியும் தையல் இயந்திரமும் இருந்தன. முன்னறையில் உம்மு குல்தூம் நின்றுகொண்டிருந்தாள், உட்காரக்கூடச் செய்யாமல். றஷீனா காலையில் முதல் பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய் அத்தனை சாமானோடும் கூட்டி வந்திருக்கிறாள்.

உம்மு குல்தூம் அண்ணனைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, றஷீனாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மகள், வாப்பாட்டக் கேட்டியா? நானாமார்ட்டக் கேட்டியா?"

"எதுக்கு மாமி கேக்கணும்? வீடு என்டது. ஒங்களுக்கு அந்த முன்னறை. வெளிச்சமா ஈக்கும், தைக்க லேசு."

ஜுனைதீன் வாசற்படியிலேயே நின்றார். இத்தனை வருஷமாகத் தான் செய்யாததை மகள் நாலு நாளில் செய்துவிட்டாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. வெட்கமும் இருந்தது, ஆனால் பெருமைதான் பெரிதாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கேட்டார்.

"மகள், இந்தத் தையல் மெசின நான் உள்ளுக்குத் தூக்கி வெக்கலாமா?"

"வைங்க வாப்பா" என்றாள் வீட்டுக்காரி.