பெண் பார்க்க வந்த நாளில் ஒரு மீன்கொத்தி

அத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் முதல் காரியமாக ஒளித்துவைக்கப்பட்டது அத்தையின் பைனாகுலர்தான். அம்மா அதை வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடிவிட்டு, "இன்னிக்கு யார் வாயிலேர்ந்தும் பறவைன்ற பேச்சே வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்றாள். முந்தைய வரன் ஒன்று, பெண் விடிவதற்கு முன்பே ஏரி ஏரியாகச் சுற்றுகிறாள் என்று கேள்விப்பட்டுக் கழன்றுகொண்டிருந்தது. அஸ்தினாபுரத்தில் எந்தச் செய்தியும் பால் பாக்கெட்டோடு சேர்ந்து வீடு வீடாகப் போய்விடும். ஒரே தங்கையின் கல்யாணக் கவலையில் அப்பாவுக்குத் தலைமுடியில் பாதி கொட்டியிருந்தது.

தாம்பரத்தைச் சுற்றிப் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் அத்தை இருந்தாள். அரிய பறவை கண்ணில் பட்டால் அந்த நிமிடமே, இடத்தோடு, எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஒருமுறை நன்மங்கலம் காட்டில் அப்படி ஒரு பறவையை ஒருவர் தான் மட்டும் ஆசைதீரப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஆற அமரச் சொன்னார். அவரோடு ரொம்ப நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைவிடப் பெரிய குற்றம், பார்க்காததைப் பார்த்தேன் என்பது. இந்த விஷயத்தில் அத்தை நெருப்பு. வாலை மட்டும் பார்த்திருந்தால் வாலை மட்டும் பார்த்தேன் என்றுதான் எழுதுவாள்.

பிள்ளை வீட்டார் வருகிற நேரத்துக்கு மழை தூறி நின்றது. கொடியில் மறந்துபோன துணியை எடுத்து வரச் சொல்லி அம்மா என்னைக் கொல்லைக்கு விரட்டினாள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்து வாழை மட்டையில் அது உட்கார்ந்திருந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் வயிறு, ஆரஞ்சு அலகு, முதுகில் ஒரு நீலம். அம்மாடி, அந்த நீலத்தை எப்படிச் சொல்வது! அத்தை அன்று கட்டியிருந்த புதுப் பட்டுப்புடவையை அதன் பக்கத்தில் வைத்தால் சாயம்போன துணி என்றுதான் சொல்வீர்கள். அது தலையை மேலும் கீழும் ஆட்டி என்னையே பார்த்தது. எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது.

துணியை விட்டுவிட்டு அத்தையிடம் ஓடினேன். அவள் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள்.

"அலகு என்ன கலர்?"

"ஆரஞ்சு அத்தை."

"எவ்ளோ பெருசு?"

கையை மூடிக் காட்டினேன். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. "குள்ள மீன்கொத்திடி! மலைக்காட்டுல இருக்கறது. இந்தப் பக்கம் கடந்து போறப்போ எப்பவாச்சும் இறங்கும்" என்றவள், எழுந்து கொல்லைப்பக்கம் ஓரடி வைத்தாள். வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம். அம்மா காபித் தட்டோடு வந்து நின்றாள். அத்தை ஒரு நொடி யோசித்தாள். பிறகு போனை எடுத்து மளமளவென்று தட்டினாள்: எங்கள் முகவரி, பின்பக்க கேட், வீட்டில் விசேஷம், சத்தம் வேண்டாம். அனுப்பிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

பஜ்ஜி ஆறுவதற்குள் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்து ஜன்னல் வழியாகப் பக்கவாட்டுச் சந்து தெரியும். சேலையூர் ரிட்டயர்ட் வாத்தியார் சார் ரெயின்கோட்டோடு பூனை நடை நடந்து போனார். பின்னால் கீழ்க்கட்டளை மெடிக்கல் ஷாப் அண்ணன். அப்புறம் யார் யாரோ.

"யாருங்க இவங்கல்லாம்?" என்றார் பிள்ளையின் அம்மா.

"இ.பி. ஆளுங்க. மீட்டர் பாக்க வந்திருக்காங்க" என்றார் அப்பா, கூசாமல்.

அந்த நேரம் பார்த்து, முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒருவர் போனார்.

"மீட்டருக்கு இவ்ளோ பெரிய கேமராவா?" என்றார் பிள்ளையின் மாமா.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். அத்தைதான் தலையை நிமிர்த்தி, "எங்க கொல்லையில ஒரு பறவை வந்திருக்கு. நான்தான் அவங்களைக் கூப்பிட்டேன்" என்றாள். போச்சு, இந்த வரனும் போச்சு என்று எனக்கே தெரிந்தது. ஆனால் பிள்ளை, "நானும் பாக்கலாமா?" என்று எழுந்தார்.

நான்தான் அழைத்துப் போனேன். கொல்லையில் அத்தனை பேர் நின்றும் வாழையிலையிலிருந்து நீர் சொட்டுவது கேட்டது. வாத்தியார் சார் பைனாகுலரைக் கழற்றிப் பிள்ளையின் கையில் கொடுத்தார். அவர் அசையவே இல்லை; மேலே சொட்டிய தண்ணீரில் இஸ்திரிச் சட்டை நனைந்தது. கூடத்துக்குத் திரும்பியபோது, கோயிலிலிருந்து வந்தவர் போலக் குரல் தணிந்திருந்தது.

"நீங்க இன்னும் பாக்கலையா? ஐயோ, போய்ப் பாருங்க. பெரியவங்ககிட்ட நான் பேசிக்கினு இருக்கேன்."

அத்தை பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நானும் பின்னால் ஓடினேன். வாழை மட்டை காலியாக, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்பதாம்மா பறந்துச்சு" என்றார் சார். அவர் கண் கலங்கியிருந்தது. "இந்த வயசுல கிடைக்கும்னு நினைக்கலைம்மா." அத்தை அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த மட்டையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

"இருந்துச்சா?" என்று ஆவலாகக் கேட்டார் பிள்ளை.

"இருந்துச்சு. நல்லாப் பாத்தேன்" என்றாள் அத்தை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அன்று மாலை குழுவில் அத்தை, முதலில் பார்த்தது அண்ணன் மகள், நான் பார்க்கவில்லை என்று எழுதினாள். அந்தப் பிள்ளை இன்று என் மாமா. வீட்டுக்கு யார் வந்தாலும், "ஒரே நாள்ல, ஒரே மட்டையில, நாங்க ரெண்டு பேரும் பாத்தோம்" என்று ஆரம்பித்துவிடுவார். அத்தை தலையை ஆட்டுவாள். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. குள்ள மீன்கொத்தியை அத்தை இன்னும் பார்க்கவில்லை. மாமாவுக்கு அது தெரியாது.

அன்றைக்கு எனக்கோ ஒரே கோபம். வாலைப் பார்த்தால் வாலை மட்டும் பார்த்தேன் என்று சொல்கிற அத்தை, யாரென்றே தெரியாத ஒருவரிடம் போய் இப்படிப் பச்சைப் பொய் சொல்லலாமா? ஒரு வாரம் அவளோடு டூ விட்டிருந்தேன்.