ஆய்வுக்கூடத்தில் ஒரு பிடி மஞ்சள்

இரண்டு வருடங்களுக்கு முன், சேலத்தில் ஆடித் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்ட நாள் அது. ஊரே அம்மன் கோயிலில் இருந்தது. ஆத்தூரில் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு அம்மா கூப்பிட்டும் போகாமல், நான் மட்டும் சூரமங்கலத்து வாடகை அறையிலிருந்து டவுன் பஸ் பிடித்துக் கல்லூரி வேதியியல் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

என் முனைவர் பட்ட ஆய்வு, கரைப்பான் இல்லாமல் சேர்மம் தயாரிப்பது. மற்றவர்கள் நெடியடிக்கும் திரவங்களில் பொருள்களைக் கரைத்துக் கொதிக்க வைப்பார்கள். பிறகு கழிவை எங்கே கொட்டுவதென்று முழிப்பார்கள். நான் இரண்டு வெள்ளைப் பொடிகளைப் பீங்கான் கல்வத்தில் போட்டு அரைப்பேன், அவ்வளவுதான். "இன்னிக்குச் சட்னியா, துவையலா?" என்று கூடப் படிப்பவர்கள் கிண்டலடிப்பார்கள். அன்று அந்தக் கிண்டல்கூட இல்லாதது என்னவோ போலிருந்தது.

மாதக்கணக்கில் பாடுபட்டுத் தயாரித்த மூலப்பொருளில் கடைசி ஒரு பிடிதான் பாக்கி. இதுவும் சொதப்பினால் தலைப்பையே மாற்றிவிடலாம் என்று ஆய்வு வழிகாட்டி சொல்லியிருந்தார். விடாமல் அரைத்தால் பொடி இளகி, பிறகு மஞ்சளாக வேண்டும். பாதியில் நிறுத்தினால் கல்லாக இறுகிவிடும். சரியாக இளகிய நேரம் பார்த்து, முந்தின வாரம் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து சுளுக்கியிருந்த வலது மணிக்கட்டு சுரீரென்று இழுத்தது. இடது கைக்கு மாற்றினால் குழவி வழுக்கியது. கூப்பிட ஒரு ஜீவன் இல்லை. பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

கதவைப் பூட்ட வந்த காவலாளி எட்டிப் பார்த்தார். "ஏனுங்க சாமி, எதுக்கு அழுவறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"அட, அரைக்கறது தானுங்க? குடுங்க இப்படி!"

அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் மாட்டிவிட்டேன். கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்ள, அவர் அரைத்தார். "ஊட்ல எல்லாருங் கோயிலுக்குப் போய்ட்டாங்க. எனக்குத்தான் டூட்டி போட்டுட்டாங்க சாமி" என்றார், குனிந்த தலை நிமிராமல்.

ஓரத்திலிருந்து மெல்ல நிறம் ஏறியது. பளிச்சென்ற மஞ்சள்!

"அடடே, ஆத்தா இங்கயே மஞ்சக் கொண்டாந்துட்டாளுங்க!" என்று கையுறையோடு கும்பிட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

"சரிங்க, நான் வாரேன்" என்று அவர் இறங்கிப் போனார். வீட்டுக்கு போன் செய்தேன். திருவிழாச் சத்தத்தில் யாரும் எடுக்கவில்லை. திரும்பவும் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வேறு ஊரில், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாத ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்வத்தில் பொடி நிறம் மாறும்போதெல்லாம், பார்த்துச் சந்தோஷப்பட ஓர் ஆள் வந்து நிற்கிறாரா என்று என் கண் வாசல் பக்கம் போய்விடுகிறது.